பெரியண்டாவில் பாடம் சொன்ன ஐயாறப்பனார்

திருவிளாநல்லூரில் விளாவனநாதருக்குக் காலைப் பூசை மணி அடிக்கும்போது, கோயிலை ஒட்டினாற்போல் இருந்த திருமடத்து மடைப்பள்ளியின் பின்கட்டில் இன்னொரு சத்தமும் கேட்கும். தேங்காய் நாரை வைத்து வெண்கலப் பாத்திரத்தைப் பரபரவென்று தேய்க்கிற சத்தம் அது. தேய்ப்பவர் ஐயாறப்பனார். திருமடத்துக் கல்லூரியில் தமிழ் படித்த இருநூறு பேருக்கும் சோறு வடித்த அண்டாக்களும், குழம்பு கொதித்த தவலைகளும், அடிபிடித்த கொப்பரைகளும் அவர் கைக்கு வந்துதான் மறுபடி முகம் பெறும். புளிச்சக்கையும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அவர் விரல்களில் ரேகை இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்கவேண்டும்.

மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போவார். கரி படிந்த வேட்டியோடு உள்ளே போகக் கூசி, கொடிமரம் தெரிகிற இடத்தில் நின்றபடியே கும்பிடுவார். மற்றவர்கள் மழை கேட்பார்கள், விளைச்சல் கேட்பார்கள், பிள்ளைவரம் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு. "சாமி, இன்னிக்கு யார அனுப்புறதோ அனுப்பு. நீ அனுப்புற யாரையும் நான் திருப்பி அனுப்ப மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவந்து அடுத்த அண்டாவில் கை வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சு ஒரு நாளும் மாறியதில்லை.

பாத்திரம் தேய்க்கிறவரைத் தேடி யார் வரப்போகிறார்கள், அவர் யாரைத் திருப்பி அனுப்பப்போகிறார் என்று கேட்கத் தோன்றும். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குக் கல்லூரியின் வாசற்படி எவ்வளவு உயரம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அரசலாற்றங்கரையில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பேர். ஒவ்வோர் ஆண்டும் ஆனி உத்திரத்துக்கு மறுநாள், கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் நுழைவுப் பரீட்சை நடக்கும். முன்பின் பார்த்திராத ஓலை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதைத் தடுக்காமல் படிக்க வேண்டும். படித்ததற்குத் தன் சொல்லில் பொருள் சொல்ல வேண்டும். எண்சுவடியிலிருந்து கேட்கிற கணக்குக்கு விரல் மடக்காமல் விடை சொல்ல வேண்டும். இத்தனையும் மடத்துத் தலைவரான சந்நிதானத்தின் முன்னிலையில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நடக்கும். தேறியவனுக்குச் சோறும் துணியும் படிப்பும் உண்டு. தேறாதவனுக்கு "அடுத்த வருஷம் வா" என்ற ஒரு சொல் உண்டு. மூன்று தரம் அந்தச் சொல்லைக் கேட்டவன் நாலாம் தரம் வரக்கூடாது என்பது விதி.

ஐயாறப்பனார் அதை மூன்று தரமும் கேட்டவர். முதல் வருஷம் ஓலையைப் படிக்கையில் மூச்சு விடக்கூடாத இடத்தில் மூச்சு விட்டு, பாட்டு இரண்டாக உடைந்துபோனது. இரண்டாம் வருஷம் ஒழுங்காகப் படித்தார். பொருள் சொல்லும்போது, யாரோ சொல்லக் கேட்டு நெட்டுருப் போட்டதில் நடுவில் ஒரு வரி நழுவிவிட்டது. மூன்றாம் வருஷம் எல்லாமே தெரியும். ஆனால் இது கடைசித் தரம் என்ற பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு, பேரைக் கேட்டதற்குக்கூடப் பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு மடைப்பள்ளியில் பாத்திரம் தேய்க்க நின்றுவிட்டார். கல்லூரிக்குள் போக முடியாதவர் கல்லூரியின் கரியைத் துடைக்கும் வேலைக்கு வந்தார்.

வந்த சில நாளில் ஒரு சங்கதி நடந்தது. அங்கே பெரியண்டா என்று ஒன்று உண்டு. ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்து தேய்க்கலாம், அவ்வளவு பெரிது. அதற்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே, முதல் வருஷம் தவறவிட்ட அந்தப் பாட்டைத் தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். அண்டா அவர் குரலை வாங்கி வைத்துக்கொண்டு அவருக்கே திருப்பிச் சொன்னது. பாட்டு எந்த இடத்தில் உடைகிறது என்று அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. அதுவரை தப்பு என்று மற்றவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். தன் தப்பைத் தன் காதால் கேட்டதில்லை. அண்டாவுக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு மிச்சத்தைத் தேய்த்து முடித்தார்.

அடுத்த ஆனியில், பரீட்சையில் தவறிய பையன் ஒருவன் மடைப்பள்ளிக் கிணற்றடியில் தேம்பிக்கொண்டு நின்றான். ஐயாறப்பனார் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, இப்படி வாங்க. இதுக்குள்ள தலைய விட்டு, நீங்க விட்ட எடத்த ஒரு தரம் சொல்லுங்க." அப்படித் தொடங்கியதுதான். அதன்பின் ஆண்டுதோறும் தவறியவர்களில் சிலர் ஊருக்குப் போகாமல் பின்கட்டிலேயே தங்கினார்கள். காலையில் அவரோடு பாத்திரம் தேய்ப்பார்கள். பகலில் அண்டாவுக்குள் பாடம். அவருக்குக் கூலியாகக் கிடைத்த சோற்றை மனைவி அஞ்சலாட்சி அம்மையார் மோர் விட்டுப் பிசைந்து எல்லாருக்கும் பங்கு வைப்பார். தமக்குப் பங்கு வைக்க மறந்தது போலப் பல நாள் நடித்திருக்கிறார்.

ஐயாறப்பனார் பெரிய படிப்பாளி இல்லை. அதுதான் அவரிடம் இருந்த வசதி. படிப்பில் எங்கெங்கே குழி இருக்கிறதென்று விழுந்து எழுந்தவருக்குத் தெரிகிற மாதிரி, குழியைப் பார்க்காமலே கடந்துபோன புலவருக்குத் தெரியுமா? யார் வந்தாலும் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று அவர் கேட்க மாட்டார். "எந்த எடத்துல கால் இடறுது?" என்றுதான் கேட்பார். எத்தனை தரம் தப்பாகச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுத்தான். "போகட்டும், முதல்லேருந்து வருவோம்." இதை ஒரு நாளைக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார். அஞ்சலாட்சி அம்மையார் குழம்பில் உப்பை மறந்துவிட்டாலும் இதைத்தான் சொல்வார் என்று பையன்கள் கேலி பேசுவார்கள்.

பக்கிரிசாமி என்று ஒருவன் இருந்தான். முடிதிருத்துகிறவர் மகன், வயது பத்தொன்பது. பொருள் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகாகச் சொல்வான். ஆனால் ஓலையைக் கையில் கொடுத்தால் முகம் வெளிறிவிடும். ஐயாறப்பனார் மூன்று நாள் பொறுமையாகத் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. சின்ன வயதில் ஊர்ப் பள்ளியில் ஓலை படிக்கப் பழக்கிய நாலு மாதமும் அப்பாவோடு கத்திப்பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மற்றவர்கள் படித்துக் கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம். மற்றவர் படிப்பதைக் காதால் பிடித்துப் பத்து வருஷம் ஒப்பேற்றிவிட்டான். "அட, நாலு மாசந்தானா? இதுக்கா இத்தன பாரம் சொமந்தீங்க?" என்று ஐயாறப்பனார் சிரித்தார். அன்றைக்கே சின்னப் பிள்ளைகளின் ஓலையை வாங்கிவந்து அவன் மடியில் வைத்தார்.

கல்லூரிக்குள் இதைப் பற்றி ஏகச் சிரிப்பு. பின்கட்டுக்கு 'அண்டாக் கல்லூரி' என்று பேர் வைத்தார்கள். ஐயாறப்பனாருக்கு 'கரிப்புலவர்' என்று பட்டம். சோற்றுக்கு வரிசையில் நிற்கையில் கொப்பரைக்குள் தலையை விட்டு ஊளையிட்டுக் காட்டுவார்கள். ஐயாறப்பனார் தலையை நிமிர்த்திப் பார்த்து, "கொஞ்சம் உள்ள தள்ளிச் சொல்லுங்க, இன்னும் தெளிவாக் கேக்கும்" என்பார். கேலி செய்தவனுக்குத்தான் சப்பென்று போகும்.

கல்லூரித் தலைமைப் புலவர் சட்டைநாத தேசிகர் மட்டும் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். கல்லூரியின் தரத்தைத் தம் கண்ணைப்போல் காத்தவர். காப்பவருக்குச் சில சமயம் கதவு மட்டுமே கண்ணில் படும், கதவுக்கு வெளியே நிற்கிறவர் தெரிவதில்லை. ஒரு தை மாதத்தில் அவர் பின்கட்டுக்கு வந்தார். அப்போது அங்கே ஏழு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயாறப்பா, நீ நல்லது செய்யிறதா நெனச்சுக்கிட்டுச் செய்யிறே. வராத படிப்ப வரும்னு ஆசை காட்டி, வயசுப் பசங்கள வருஷக்கணக்கா இங்க உக்கார வெக்கிறது பாவம் இல்லியா? போன தடவ ஆறு பேர்ல ரெண்டு பேரு மறுபடியும் தவறிப்போனாங்க. அவங்க மூஞ்சியப் பாத்தியா நீ?"

ஐயாறப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு முகங்களையும் அவர் மறக்கவில்லை.

"ஒண்ணு செய்வோம்" என்றார் தேசிகர். "வர்ற ஆனியில உங்கிட்டேருந்து வர்றவங்க அத்தன பேரும் தேறணும். தேறினா நான் வாயத் தெறக்க மாட்டேன். ஒருத்தர் தவறினாலும் அன்னிக்கோட இத நிறுத்திடணும். சம்மதமா?"

"சாமி சொல்றபடி" என்றார் ஐயாறப்பனார். ஏழு பேரின் குழியும் அவருக்குத் தெரியும். அஞ்சு மாதம் இருக்கிறது. மிச்சத்தை விளாவனநாதர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார்.

விளாவனநாதரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் போனதுதான் வினை. சுவாமிமலையில் பெற்ற பிள்ளைக்கு முன்னால் கைகட்டி வாய்பொத்திப் பாடம் கேட்டவரல்லவா? மாணவனாக உட்காரும் ருசி தெரிந்தவர். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பின்கட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். பிச்சையெடுக்கும் ஓடு ஒன்று கையில் இருந்தது. கழுத்தை ஒரு துணியால் சுற்றியிருந்தார். தலைமுடி அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலச் சொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர் யாரென்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஐயாறப்பனாருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் அடிபிடித்த தவலைகள் ஏழு கிடந்தன.

"வாத்தியாரே, எனக்குப் பாடம் சொல்லித் தருவீங்களா? இந்த ஆனியில பரீட்சைக்குப் போகணும்" என்றார் வந்தவர்.

அதுவரை ஐயாறப்பனாரை யாரும் வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை. கையிலிருந்த நார் கீழே விழுந்தது. "உக்காருங்கய்யா. பேரு?"

"எத்தனையோ பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. எதுன்னு சொல்றது?"

"எந்த ஊரு?"

"இதுதான்னு ஒண்ணு இல்லீங்க."

"தாய் தகப்பன்?"

"இல்ல. எப்பவுமே இல்ல."

அநாதை போலிருக்கிறது என்று ஐயாறப்பனார் உருகிப்போனார். "எந்த எடத்துல கால் இடறுது?" என்று வழக்கம்போலக் கேட்டார். "அதான் தெரியல வாத்தியாரே, ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது" என்றார் அவர். அது சத்தியமான பேச்சு. முதல் நாள் ஒரு பாட்டின் முதல் அடியைச் சொல்லிக்கொடுத்தார். அழகாகத் திருப்பிச் சொன்னார். மறுநாள் காலையில் கேட்டால் அப்படி ஒரு பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். ஈரெட்டு எவ்வளவு என்றால் ஒரு நாள் பதினாறு, மறுநாள் பத்து. ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உற்றுப் பார்ப்பார். தலையிலிருந்து ஓலையில் தண்ணீர் சொட்டும்.

"போகட்டும், முதல்லேருந்து வருவோம்" என்றார் ஐயாறப்பனார். அன்றைக்கு இதை இருநூறு தரம் சொல்லியிருப்பார்.

எல்லாவற்றையும்விட அவரை வியக்க வைத்தது அண்டாதான். வந்தவரை அதற்குள் தலைவிட்டுச் சொல்லச் சொன்னால் குரல் உள்ளே போகும், திரும்பி வராது. கொசு பறந்தால்கூட ரீங்கரிக்கிற வெண்கலம், அவர் குரலை மட்டும் அப்படியே விழுங்கிக்கொண்டது. ஐயாறப்பனார் அண்டாவைத் தட்டிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், விரிசல் ஏதும் கண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஆளை மிஞ்ச முடியாது. பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் இரண்டு ஆள் வேலையை அவர் ஒருவரே செய்தார். கை முழங்கை வரை கரியாகிவிடும். அதை அவர் கழுவிப் பார்த்ததே இல்லை.

ஆறாம் நாள் பக்கிரிசாமி பொறுக்க மாட்டாமல் வந்தான். மற்ற ஆறு பேரும் அவன் பின்னால் நின்றார்கள்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ஏழு பேரும் தேறிடுவோம். அவரு தேற மாட்டாரு, அது உங்களுக்கே தெரியும். அவரு ஒருத்தரால இந்த அண்டா மூடிப்போனா, அடுத்த வருஷம் எங்கள மாதிரி வர்றவன் எங்க போவான்? நான் உங்ககிட்ட வராம இருந்திருந்தா இந்நேரம் கத்திப்பெட்டியோட அலஞ்சுகிட்டு இருப்பேன்யா."

அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஐயாறப்பனார் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் வர்றவன் இன்னும் வரல தம்பி" என்றார் கடைசியில். "இவரு வந்துட்டாரே."

அஞ்சலாட்சி அம்மையாருக்கும் கவலைதான். "அவர வேணாம்னு சொல்ல வேண்டாங்க. இந்த ஆனி போகட்டும், அடுத்த வருஷம் பரீட்சைக்குப் போகலாம்னு பக்குவமாச் சொல்லுங்களேன். சோறும் பாடமும் இங்கயே இருக்கட்டும்." அதுவும் நியாயமாகவே பட்டது. சொல்லிவிடலாம் என்று எழுந்து போனார். அந்த ஆள் பெரியண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு, நேற்றைய அடியை நினைவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தார். 'அடுத்த வருஷம்' என்ற சொல் ஐயாறப்பனாரின் நாக்கு நுனி வரை வந்தது. அதை மூன்று தரம் கேட்ட காது அவருடையது. கேட்ட ஒவ்வொரு தரமும் அரசலாற்றங்கரையில் போய் உட்கார்ந்து எப்படி அழுதார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லை இன்னொருவர் காதில் போட அவருக்கு வாய் வரவில்லை. "எந்த அடி மறந்துபோச்சு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை கோயில் வாசலில் நின்று, "சாமி, நீ அனுப்பின ஆளுதானே, நீயே பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் அவர் செய்த முறையீடு. இறக்கி வைத்த பிறகு பாரத்தைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மிச்சமிருந்த நாலு நாளும் எட்டுப் பேருக்கும் ஒரே முகத்தோடு பாடம் சொன்னார்.

பரீட்சை நாள் வந்தது. நூற்றுக்கால் மண்டபத்தில் சந்நிதானம் எழுந்தருளியிருக்க, தேசிகர் ஓலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஐயாறப்பனார் தூணோரமாக ஒதுங்கி நின்றார். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவன் கணக்கில் கொஞ்சம் தயங்கினான், பிறகு தானே திருத்திக்கொண்டான். ஏழாவதாகப் போன பக்கிரிசாமி, ஓலையைக் கையில் வாங்கி, ஆற்றுநீர் போகிற மாதிரிப் படித்தான். படித்து முடித்துப் பொருள் சொல்லத் தொடங்கியதும் சந்நிதானம் முன்னால் சாய்ந்து கேட்டார். கேலி பேசிய பழைய மாணவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஐயாறப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பேரும் தேறிவிட்டார்கள்.

எட்டாவதாக அவர் போய் நின்றார். தலை சொட்டிக்கொண்டிருந்தது. கரிக் கையோடு ஓலையை வாங்கினார், பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சரி, தெரிஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லும்" என்றார் தேசிகர்.

பதில் இல்லை.

"ஒரு அடி?"

அதற்கும் பதில் இல்லை. "உம்ம பேரையாவது சொல்லும்" என்றார். அதற்கும் சிரிப்புத்தான். மண்டபத்தில் ஒரு மூலையில் தொடங்கிய களுக்கென்ற சிரிப்பு நாலு மூலைக்கும் பரவியது. தேசிகர் கையைக் காட்டி அடக்கினார்.

"உமக்கு யாரு பாடம் சொன்னது?"

இதற்கு மட்டும் பதில் வந்தது. கரிக் கையை நீட்டித் தூணோரம் நின்றவரைக் காட்டி, "அவருதான். பத்து நாள்ல ஒரு தடவகூட என்னைக் கோவிச்சுக்கல" என்றார்.

தேசிகருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "ஐயாறப்பா, நாம பேசின பேச்சு..." என்று இழுத்தார். "இருக்கட்டும் சாமி, பேச்சு பேச்சுதான்" என்றார் ஐயாறப்பனார். வேறு ஒன்றும் சொல்லாமல் எட்டாமவரிடம் வந்து அவர் தோளைத் தொட்டார். "வாங்க, சாப்புடுவோம். பசியில மனசு ஒட்டாது. போகட்டும், முதல்லேருந்து வருவோம்."

"கையக் கழுவிட்டு வந்துடுறேன் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு அவர் கோயில் பக்கமாக நடந்து போனார்.

போனவர் வரவில்லை. தேறிய பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. ஐயாறப்பனார் ஓர் இலையைப் போட்டு, சோற்றை எடுத்து வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அண்டா மூடப்போகிறதே என்ற வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, ஒருத்தர் சாப்பிடாமல் போய்விட்டாரே என்ற வருத்தம் இருந்தது. அவர் வராமல் தாமும் சாப்பிடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்து, விருந்து சமைத்த பெரியண்டாவைத் தேய்க்கப் போனார். அஞ்சலாட்சி அம்மையார் தண்ணீர் ஊற்ற, பக்கிரிசாமி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட வந்து தேய்த்தான்.

அங்கே தேசிகர் வந்து சேர்ந்தார். "மனசு கேக்கல ஐயாறப்பா. அந்த ஏழு பேரும் சொன்ன மாதிரி எங்க பழைய மாணாக்கன்கூடச் சொல்ல மாட்டான். ஆனா வாக்குன்னு ஒண்ணு கொடுத்துட்டோம்..." என்று நின்றார். அவர் முடிப்பதற்குள் கோயில் குருக்கள் மேல்துண்டு நழுவ ஓடிவந்தார்.

"தேசிகரே, உடனே வரணும். உச்சிக்கால பூசைக்குத் தெறந்தப்போ சாமி நல்லாத்தான் இருந்தார். இப்போ சாயங்கால பூசைக்கு நடை தெறந்தா, உற்சவரோட ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கரி. வெரல் இடுக்குல தேங்காய் நார். ஜடையிலேர்ந்து தண்ணி சொட்டிண்டே இருக்கு. நானும் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டேன், கரி போக மாட்டேங்கறது."

முதலில் புரிந்துகொண்டவர் அஞ்சலாட்சி அம்மையார்தான். "பத்து நாளா நம்ம மோருஞ்சோத்தத் தின்னது யாருங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரெட்டு எவ்வளவு என்று யாரைக் கேட்டோம், யாரைத் தலைகீழாகப் பிடித்த ஓலையோடு உட்கார வைத்தோம் என்று நினைக்க நினைக்க ஐயாறப்பனாருக்கு அழுகை பொங்கியது. மற்றவர் முன்னால் அழக் கூசி, முகத்தை மறைத்துக்கொள்ளப் பெரியண்டாவுக்குள் தலையை விட்டு, "அப்பா" என்று ஒரு சொல் சொன்னார்.

அண்டா பேசியது. ஐயாறப்பனாரின் குரலில் அல்ல, எட்டாமவர் குரலில். பத்து நாளாக உள்ளே போன குரல் மொத்தமும் ஒரு சொல் சிந்தாமல் வெளியே வந்தது. முதல் நாள் பாட்டு, அதன் பொருள், இரண்டாம் நாள் பாட்டு, எண்சுவடியின் வாய்பாடுகள், அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரிடத்திலும் இடறாமல் வந்தது. மடைப்பள்ளியில் வேலையாக இருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்து நின்றார்கள். தேசிகர் தம்மையறியாமல் கைகூப்பியிருந்தார். எல்லாப் பாடமும் முடிந்து ஒரு கணம் அமைதியானது. அப்புறம் அதே குரல், வாத்தியாரிடம் இருநூறு தரம் கேட்டுப் படித்த பாடத்தையும் ஒப்பித்தது.

"போகட்டும், முதல்லேருந்து வருவோம்."

ஐயாறப்பனார் அண்டாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். தேசிகர் கரியென்றும் ஈரமென்றும் பாராமல் அவர் காலடியில் விழுந்தார். எழுந்ததும் பக்கிரிசாமியைப் பார்த்து, "போய்ச் சந்நிதானத்துல சொல்லு. எட்டுப் பேரும் தேறிட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

சந்நிதானம் தாமே நடந்து பின்கட்டுக்கு வந்தார். அன்று முதல் அந்தப் பின்கட்டே கல்லூரியின் முதல் வகுப்பு என்று கட்டளையானது. இன்னும் பக்குவப்படவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, அவர்களுக்கு முதலில் அங்கே இடம் என்று ஆனது. மூன்று தரம் என்ற விதியும் அன்றோடு போனது. ஐயாறப்பனாருக்குப் பட்டு விரித்து இருக்கை போட வந்தார்கள். "பாத்திரம் தேய்க்காம உக்காந்தா எனக்குப் பாடம் வராது சாமி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அன்று இரவு, எட்டாமவருக்குப் போட்டு வைத்த இலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இலை போட்டு, சாமி பேரைச் சொல்லி, தம் மனைவியோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

உற்சவர் கையிலிருந்த கரி மறுநாள் காலையில், ஐயாறப்பனார் கொண்டுவந்த புளித்தண்ணீர் பட்ட பிறகுதான் நீங்கியது. அதை நினைத்து இன்றும் திருவிளாநல்லூரில் ஆனி உத்திரத்துக்கு மறுநாள் பெருமான் கையில் கரி தடவி, அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேருகிற பிள்ளைகளை விட்டுப் புளித்தண்ணீரால் கழுவச் செய்கிறார்கள்.

எல்லாம் அறிந்த பெருமானுக்கும் ஒரு பாடம் சொல்லித் தரும் அளவுக்குப் பொறுமை வைத்திருந்த ஐயாறப்பனாரின் கரி படிந்த கைகளை வணங்குவோம்.